ஸ்வீடனின் இசைப் புகழ் மண்டபம்: ‘அப்பா’ குழுவைத் தவிர வேறு யார்?

கேள்வி இது: ஸ்டாக்ஹோமில் ‘அப்பா’ (ABBA) என்ற நால்வர் பாப் இசைக்குழுவின் அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்திலேயே ஸ்வீடன் நாட்டு வெகுசன இசைக்கு ஒரு தேசியப் புகழ் மண்டபமும் அமைத்தார்களாமே, ஒரு கோடிப் பேர் வாழும் அந்த நாட்டில், அந்த நால்வரை விட்டால் மண்டபம் எழுப்பும் அளவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நிறையப் பேர் இருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்வீடனின் இசையை உருவாக்கியவர்களில் பாதிப் பேரின் முகமே நமக்குத் தெரியாது. சிலரின் பாட்டுகளை நாம் நூறு முறை கேட்டிருக்கிறோம், பெயரைக் கேட்டதில்லை. வேறு சிலர் ஸ்வீடிஷ் மொழியிலேயே பாடியதால் அந்த நாட்டு எல்லையைத் தாண்டவே இல்லை. புகழ் மண்டபம் என்பது முகங்களுக்கான இடம். முகம் காட்டாதவர்களையும் மொழிக்குள் நின்றுவிட்டவர்களையும் அதில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் ஸ்வீடனைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஹோம் நடுவே யூர்கோர்டன் என்று ஒரு தீவு. நகரத்திலிருந்து 7-ஆம் எண் டிராமில் ஏறினால் பாலம் கடந்து சில நிமிடங்களில் போய்விடலாம். 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா போர்க்கப்பலின் அருங்காட்சியகம், 1883-இல் தொடங்கிய கிரோனா லுண்ட் கேளிக்கைப் பூங்கா, ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம் எல்லாம் அந்தத் தீவில்தான். அங்கே 2013 மே 7 அன்று அப்பா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே கூரையின் கீழ் ‘ஸ்வீடிஷ் மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்’ அமைந்தது. 2014-இல் முதன்முதலாக மண்டபத்தில் இடம் தரப்பட்டவர்களில் அப்பா குழுவும் உண்டு. அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவர்களை 2010-லேயே சேர்த்துக்கொண்டுவிட்டது. சொந்த ஊர் மண்டபம் நான்கு ஆண்டுகள் பிந்தித்தான் வந்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அக்னெதா, பியோர்ன், பென்னி, அன்னி-ஃப்ரிட் என்ற நால்வரின் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் அது. ஸ்வீடன்காரர்கள் உச்சரிக்கும்போது நம் ‘அப்பா’ அப்படியே காதில் விழுகிறது. அந்த நாட்டில் அதே பெயரில் ஹெரிங் மீனைப் பதப்படுத்தி விற்கும் பழைய நிறுவனம் ஒன்று இருந்ததால், அதனிடம் ஒப்புதல் பெற்ற பிறகே குழு அந்தப் பெயரை வைத்துக்கொண்டது.

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது பளபளக்கும் உடைகளின் முன்னால் அல்ல, ஒரு சிவப்புத் தொலைபேசியின் முன்னால். அதன் எண் அந்த நால்வருக்கு மட்டுமே தெரியும். எப்போதாவது மணி அடித்தால், பக்கத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மறுமுனையில் அவர்களில் ஒருவர் இருப்பார். நான் நின்றவரை அது அடிக்கவில்லை. ஆனாலும் வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்தபடியே ஓரிரு நிமிடம் தயங்கி நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். இன்னொரு மூலையில் ஒரு பியானோ. பென்னி ஆண்டர்சன் தம் பியானோவில் வாசிக்கும்போது இங்கே கட்டைகள் தாமாகவே அமிழ்ந்து எழும்படி இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். பொம்மை வேடிக்கை என்று இதை நான் நினைக்கவில்லை. இசை செய்கிற கை வேறெங்கோ இருக்கிறது, நாம் பார்ப்பது அசையும் கட்டைகளை மட்டும்தான். ஸ்வீடன் இசையின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சிப் பொருள் கிடைக்காது.

அந்த நால்வரைச் சொந்த நாடு எளிதில் ஏற்றுக்கொண்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டனில் ‘வாட்டர்லூ’ பாடி, ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வென்றார்கள். வென்ற நாடே அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்த வேண்டும் என்பது வழக்கம். 1975-இல் ஸ்டாக்ஹோமில் போட்டி நடந்தபோது, அதே நகரத்தில் எதிர்ப்பாக ஒரு மாற்று இசை விழா நடந்தது. ‘ப்ரோக்’ என்று அழைக்கப்பட்ட இடதுசாரி இசை இயக்கம் அப்போது உச்சத்தில் இருந்தது. பாட்டு மக்களுடையது, அதைச் சரக்காக்கி விற்கக் கூடாது, ஸ்வீடிஷ் மொழியில் நம் வாழ்க்கையைப் பற்றிப் பாடு என்பது அவர்கள் வாதம். மின்னும் சட்டை போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் காதல் பாடும் அப்பா குழு அவர்கள் கண்ணில் வணிகத்தின் உருவமாகவே தெரிந்தது. 1976 போட்டியில் ஸ்வீடன் கலந்துகொள்ளவே இல்லை.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. ப்ரோக் இயக்கம் இல்லாமல் போயிருந்தால், பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல் தாமே பதிவுசெய்து தாமே விற்கும் பழக்கம் அந்த நாட்டு இளைஞர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. அப்பா இல்லாமல் போயிருந்தால், ஸ்டாக்ஹோமில் எழுதிய பாட்டு உலகம் முழுக்கச் செல்லும் என்ற நம்பிக்கையே பிறந்திருக்காது. ஒரு தேசிய மண்டபத்துக்கு இருக்கும் மதிப்பே இதுதான்: ஒருகாலத்தில் முகம் பார்க்காமல் இருந்தவர்களை ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்ட முடியும்.

இனி மொழிக்குள் நின்றவர்கள். ஸ்வீடிஷ் மொழியில் ‘வீசா’ என்றொரு பாடல் மரபு உண்டு. கவிதையும் இசையும் ஒருவரிடமே பிறக்கும். ஒரு தந்திக் கருவி இருந்தால் போதும். கதை சொல்வது போலப் பாடுவார்கள். அதன் மூத்த பெயர் கார்ல் மிக்கேல் பெல்மன் (1740–1795). குடிகாரர்கள், கைம்பெண்கள், கடிகாரம் செய்பவர்கள் என்று ஸ்டாக்ஹோமின் எளிய மனிதர்களை வைத்து அவர் எழுதிய பாடல்களை இன்றும் பாடுகிறார்கள். அவரை அடுத்து நான் சொல்வது எவர்ட் டோப் (1890–1976). மேற்குக் கடற்கரைக்கு அப்பால் விங்கா என்ற சிறு தீவின் கலங்கரை விளக்கக் காவலரின் மகன். கப்பலேறிப் போய், அர்ஜென்டினாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியவர். கடலையும் கோடைக்காலத்தையும் மாலுமிகளையும் அவர் பாடிய பாட்டுகள் பள்ளிக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். 2015 முதல் 50 குரோனா நோட்டில் இருப்பது அவருடைய முகம்தான். 500 குரோனா நோட்டில் இசை நாடகப் பாடகி பிர்கிட் நில்சன். பாடகர்களின் படத்தைப் பணத்தில் அச்சடிக்கிற நாட்டில் பாட்டுக்கு என்ன இடம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கொர்னேலிஸ் வ்ரேஸ்விக் (1937–1987) என்பவரையும் விட்டுவிடக் கூடாது. நெதர்லாந்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு ஸ்வீடனுக்கு வந்தவர். வந்த இடத்து மொழியைக் கற்று, அதில் பிறந்தவர்களே வியக்கும்படி எழுதினார். பெல்மன் பாடல்களைப் புதிய குரலில் மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். ஸ்வீடன் குடியுரிமையை அவர் கடைசிவரை பெறவில்லை. ஆனாலும் அவரை ஸ்வீடன் பாடகர் அல்ல என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ‘தேசிய’ மண்டபம் என்ற சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இவர் வாழ்க்கையே போதும்.

ஜாஸ் இசையில் இரண்டு பெயர்களை நான் நெஞ்சில் வைத்திருக்கிறேன். மோனிகா செட்டர்லுண்ட் 1963 யூரோவிஷனில் பாடியபோது ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை, பூச்சியம். அடுத்த ஆண்டே, ஸ்டாக்ஹோமுக்கு வந்த அமெரிக்கப் பியானோ மேதை பில் எவன்ஸுடன் சேர்ந்து அவர் ‘வால்ட்ஸ் ஃபார் டெப்பி’ இசைத்தட்டைப் பதிவுசெய்தார். எவன்ஸின் மெட்டுக்கு ஸ்வீடிஷ் வரிகள். ஆங்கிலம் இல்லாமல் ஜாஸ் பாடினால் குரல் இறுகிப் போகும் என்று நினைத்தவர்களின் வாயை அடைத்த பதிவு அது. அடுத்தவர் பியானோ கலைஞர் யான் யோஹான்சன். 1964-இல் வந்த அவருடைய ‘ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா’, அதாவது ‘ஸ்வீடிஷில் ஜாஸ்’, முழுக்கப் பழைய நாட்டுப்புறப் பாடல்கள். ஒரு பியானோ, ஒரு டபுள் பேஸ், அவ்வளவுதான். கிராமத்துப் பிடில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்த மெட்டை எடுத்து, ஓர் அலங்காரமும் சேர்க்காமல், சுரங்களுக்கிடையே நிறைய இடம் விட்டு வாசிப்பார். ஸ்வீடனில் மிக அதிகம் விற்ற ஜாஸ் இசைத்தட்டு அதுவே. ‘பிப்பி லோங்ஸ்ட்ரும்ப்’ என்ற குறும்புச் சிறுமியின் தொலைக்காட்சித் தொடருக்கு மெட்டமைத்தவரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது. 1968-இல் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 37.

இப்போது கடல் தாண்டிய பாட்டுகளுக்கு வருகிறேன். ஒரு தேதி ஒற்றுமை எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். அப்பா குழு பிரைட்டனில் வென்ற அதே 1974 ஏப்ரல் 6 தேதியிட்ட பில்போர்ட் என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் ‘ப்ளூ ஸ்வீட்’ என்ற ஸ்வீடன் குழுவின் பாட்டுக்கு. அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்கு ஸ்வீடனிலிருந்து ஏறிய முதல் பாட்டு அப்பாவுடையது அல்ல.

1989-இல் ‘ராக்செட்’. ஹால்ம்ஸ்டாட் ஊர்க்காரர் பெர் கெஸ்லேயும் பாடகி மரி ஃப்ரெட்ரிக்சனும். ஸ்வீடனில் புகழ்பெற்றிருந்த அவர்களை அமெரிக்க நிறுவனம் கண்டுகொள்ளவில்லை. ஸ்வீடனில் ஓராண்டு படித்துவிட்டுத் திரும்பிய அமெரிக்க மாணவர் ஒருவர் அவர்களுடைய குறுந்தட்டை மினியாபொலிஸ் வானொலி நிலையத்தில் கொடுத்து, போடச் சொல்லிக் கேட்டார். போட்டார்கள். நேயர்களின் அழைப்புகள் குவிந்தன. பதிவு மற்ற நிலையங்களுக்கும் பரவி, ‘தி லுக்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஒரு விளம்பரப் பிரிவும் செய்யாததை ஒரு மாணவரின் பிடிவாதம் செய்தது.

இதற்குப் பிறகு வருவதுதான் முகமில்லாதவர்களின் காலம். டென்னிஸ் பாப் என்ற பெயரில் அறியப்பட்ட டாக் வோல்லே ஸ்டாக்ஹோமில் இசைத்தட்டுச் சுழற்றும் டி.ஜே.யாக இருந்தவர். முறையாக எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. கோத்தன்பர்க் நகரத்தின் ‘ஏஸ் ஆஃப் பேஸ்’ குழு அனுப்பிய மாதிரி ஒலிநாடா அவர் காரின் டேப்பில் சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க முடியவில்லை; கார் ஓட்டும்போதெல்லாம் அதுவே திரும்பத் திரும்ப ஓடியது. முதலில் பிடிக்காத பாட்டு, கேட்கக் கேட்க அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டியது. அதுவே ‘ஆல் தட் ஷி வான்ட்ஸ்’ ஆனது. இந்தக் கதையை நான் நல்வாய்ப்பின் கதையாகப் படிப்பதில்லை. பலமுறை கேட்ட பிறகும் தேயாமல் நிற்பதே நல்ல மெட்டு என்ற அளவுகோல் அவர் காரிலேயே அமைந்துவிட்டது.

அவர் 1992-இல் தொடங்கிய ஷெய்ரோன் ஒலிப்பதிவுக்கூடம் குங்ஸ்ஹோல்மன் தீவில், வெளியிலிருந்து பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் இயங்கியது. அங்கே வந்து சேர்ந்தார் மார்ட்டின் சாண்ட்பெர்க். கிளாம் மெட்டல் என்ற பகட்டான ராக் இசைக் குழு ஒன்றின் பாடகர். அவருக்கு ‘மேக்ஸ் மார்ட்டின்’ என்ற பெயரைச் சூட்டியவரே டென்னிஸ் பாப்தான். 1998-இல் அமெரிக்கச் சிறுமி பிரிட்னி ஸ்பியர்ஸ் ஸ்டாக்ஹோமுக்கு வந்து, மேக்ஸ் மார்ட்டின் எழுதிய ‘பேபி ஒன் மோர் டைம்’ பாட்டை அந்தக் கூடத்தில் பதிவுசெய்தார். அந்தப் பாட்டு உலகத்தைப் புரட்டுவதைப் பார்க்க டென்னிஸ் பாப் இல்லை. அது வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆகஸ்ட் மாத இறுதியில், புற்றுநோயால் 35 வயதில் இறந்துவிட்டார். கூடத்தை 2000-இல் மூடிவிட்டார்கள். மேக்ஸ் மார்ட்டின் எழுதிய பாட்டுகளில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவை அமெரிக்காவில் முதலிடம் பெற்றிருக்கின்றன. அவர் வீதியில் நடந்து போனால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? மண்டபத்தின் முதல் மாடத்தில் யாரை வைப்பீர்கள் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் டென்னிஸ் பாப் என்பேன்.

இவ்வளவு பேர் ஒரு சிறிய நாட்டில் எப்படி வந்தார்கள்? குளிர்காலம் நீளம், வெளியே போக முடியாது, அதனால் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். குளிர் அண்டை நாடுகளிலும்தான் இருக்கிறது. நான் நம்புவது வேறு காரணத்தை. நகராட்சிகள் நடத்தும் இசைப் பள்ளிகள் 1940-களிலிருந்து ஸ்வீடன் முழுக்கப் பரவின. எந்த வீட்டுக் குழந்தையும் குறைந்த கட்டணத்தில் ஒரு கருவியைக் கற்கலாம். கருவியை அங்கேயே வாடகைக்கும் எடுக்கலாம். பொதுப் பணத்தில் கிடைத்த அந்தக் கல்விக்கே தாம் எல்லாவற்றுக்கும் கடன்பட்டிருப்பதாக மேக்ஸ் மார்ட்டினே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு ஏற்பாடு அங்குள்ள கல்வி வட்டங்கள். 1912-இல் தொழிலாளர் இயக்கம் தொடங்கிய ஏ.பி.எஃப். போன்ற கல்விச் சங்கங்கள் அரசு மானியத்தில் இயங்குகின்றன. நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்கினால், அதை ஒரு ‘படிப்பு வட்டமாக’ப் பதிவுசெய்துகொள்ளலாம். ஒருவர் வட்டத் தலைவர். கூடிய நாள், நேரம், வந்தவர்கள் எல்லாவற்றையும் அவர் குறித்துத் தர வேண்டும். பதிலுக்குப் பயிற்சி செய்ய ஓர் அறை கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அறை. இரைச்சலாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவுமில்லை.

அந்த இரைச்சலிலிருந்தும் ஓர் உலகப் பாணி பிறந்தது. ஸ்டாக்ஹோமின் ‘என்டூம்ட்’ குழு 1990-இல் வெளியான ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ இசைத்தட்டை சன்லைட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவுசெய்தது. கிட்டார் ஒலியைச் சிதைக்கக் காலால் மிதிக்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு: பாஸ் நிறுவனத்தின் எச்.எம்.-2. அதன் திருகிகள் எல்லாவற்றையும் கடைசிவரை திருப்பிவிட்டார்கள். மரம் அறுக்கும் இயந்திரம் போல ஓர் ஒலி வந்தது. இன்று எந்த நாட்டில் அந்த ஒலியைக் கேட்டாலும் டெத் மெட்டல் என்ற அந்தக் கடுமையான ராக் வகையின் ரசிகர்கள் ‘ஸ்வீடன் ஒலி’ என்பார்கள். எனக்கு நெருக்கமான இசை அல்ல அது. ஆனால் ஒரு நாட்டின் பெயரையே ஒலிக்கு வாங்கித் தந்தவர்களை மண்டபத்துக்கு வெளியே நிறுத்துவது அநீதி.

1994-இல் ‘தி லத்தீன் கிங்ஸ்’ வந்தார்கள். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே பூட்சிர்க்கா நகராட்சியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள். ‘புறநகருக்கு வரவேற்கிறோம்’ என்ற பொருள்படும் பெயரில் அவர்கள் வெளியிட்ட ராப் இசைத்தட்டில் அந்தக் குடியிருப்புகளில் பேசும் ஸ்வீடிஷ் அப்படியே இருந்தது. பல நாட்டுச் சொற்கள் கலந்த அந்தப் பேச்சை அதுவரை பிழை என்றே சொல்லிவந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, குழுவின் முதன்மைப் பாடகர் டோகே டோகெலிட்டோ ஒரு மொழியியலாளருடன் சேர்ந்து அந்தப் பேச்சுக்கு ஓர் அகராதியே வெளியிட்டார். கொர்னேலிஸ் திறந்த அதே கதவின் வழியாகத்தான் இவர்களும் உள்ளே வந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மின்னணு நடன இசைக் கலைஞர் அவிச்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவரை எல்லோருக்கும் தெரியும். டிம் பெர்க்லிங் என்பது இயற்பெயர். 2018-இல் ஓமானில் 28 வயதில் இறந்தார். 2021-இல் ஸ்டாக்ஹோமின் உருண்டை வடிவ அரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2022-இல் அவருக்கும் தனி அருங்காட்சியகம் வந்துவிட்டது.

மண்டபத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று போலார் இசைப் பரிசு. அப்பா குழுவின் மேலாளர் ஸ்டிக் ஆண்டர்சன் 1989-இல் 4 கோடியே 20 லட்சம் குரோனா கொடுத்து ஏற்படுத்தியது. எந்த நாட்டவருக்கும் தரப்படும். பரிசை மன்னர் கையால் வழங்குவார்கள். 1998-இல் ரே சார்ல்ஸுடன் நம் சித்தார் மேதை ரவிசங்கரும், 2016-இல் மேக்ஸ் மார்ட்டினும் பெற்றார்கள்.

நேரில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கோடைக்காலச் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து யூர்கோர்டனுக்குப் போங்கள். பகலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் நடக்கும் தூரத்திலுள்ள ஸ்கான்சனுக்கு ஏறுங்கள். 1935 முதல் அங்கே ‘ஆல்சோங்’ நடக்கிறது; எல்லோரும் சேர்ந்து பாடுவது என்று பொருள். மேடைக் கலைஞர் தொடங்கிவைப்பார். வரிகளை எல்லோரும் பார்க்கும்படி காட்டுவார்கள். பாட்டியும் பேரனும் ஒரே பாட்டை உரக்கப் பாடுவார்கள். எவர்ட் டோப் பாட்டு வரும்போது முன்வரிசை முதியவர்கள் யாரும் வரிகளைப் பார்ப்பதில்லை. அருங்காட்சியகத்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டையை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் வங்கியில் ஒரே ஒரு 50 குரோனா நோட்டு மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கான்சனில் பாடிக்கொண்டிருக்கும்போது அதை எடுத்து அந்த முகத்தை ஒருமுறை பாருங்கள்.